யூதப் பெண்ணியல் படிக்க: தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யூதப் பெண்ணியல் என்றதும் ஏதோ மதபோதனை வகுப்பு என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. கல்வெட்டு, கணவனை இழந்தவள் இரவில் எழுதிய குறிப்பு, கல்யாணப் பாட்டு நோட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் புரட்டிப் பார்க்கிற துறை இது. எபிரேயம் தெரியாமலேயே உள்ளே நுழையலாம். வரிசைதான் முக்கியம். இறையியலில் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். நானும் அப்படித் தூங்கியவள்தான்.

படி 1: ஒரு கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்

இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம் அன்றைக்கு ஸ்மிர்னா. அங்கே கிடைத்த ஒரு கிரேக்கக் கல்வெட்டில் ருஃபினா என்ற யூதப் பெண் பேசுகிறாள். தான் விடுதலை செய்த அடிமைகளுக்கும் தன் வீட்டிலேயே வளர்ந்த அடிமைகளுக்கும் கல்லறை கட்டியிருக்கிறாள். வேறு யாரையாவது அங்கே புதைத்தால் கருவூலத்துக்கு 1,500 தினாரி, யூத சமூகத்துக்கு 1,000 தினாரி தண்டம். நம்மூர்க் கல்வெட்டுகளின் கடைசி வரியில் சாபம் வருமே, அந்த இடத்தில் இங்கே அபராதம்.

அவள் பெயரோடு ஒரு பட்டம் இருக்கிறது: ஆர்க்கிசினகோகோஸ். தமிழ் பைபிளில் யவீருவை 'ஜெப ஆலயத் தலைவன்' என்கிறார்களே, அதே சொல். யவீருவுக்கு வந்தால் பதவி. ருஃபினாவுக்கு வந்தால்? புருஷன் வழியாக ஒட்டிக்கொண்ட வெறும் மரியாதைப் பட்டம் என்று பழைய அறிஞர்கள் நகர்ந்துவிட்டார்கள். அந்தக் கல்லில் புருஷனைப் பற்றிப் பேச்சே இல்லை. பெர்னடெட் புரூட்டன் 1982இல் வெளியிட்ட நூலில், பெண்களுக்கு இப்படிப் பட்டங்கள் தரும் 19 கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளை ஒன்றாக வைத்து, ஆணுக்கு ஒரு பொருள், பெண்ணுக்கு ஒரு பொருளா என்று கேட்டார்.

தலைவி என்று மகிழ்ந்து முடித்ததும் அதே கல்லை இன்னொரு தடவை வாசியுங்கள். அவள் அடிமைகளை வைத்திருந்தவள். இந்த இரண்டாம் வாசிப்பைப் பழகிக்கொள்ளுங்கள், 5ஆம் படியில் தேவைப்படும்.

படி 2: 1970களுக்கு வாருங்கள்

1972 மார்ச். நியூயார்க்கில் 'எஸ்ரத் நாஷிம்' என்ற சிறு பெண்கள் குழு, யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவைச் சேர்ந்த ரபிகளின் (மதகுருக்களின்) மாநாட்டுக்கு அழைப்பில்லாமல் போய் நின்றது. ஜெப ஆலயத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய பகுதிக்குத்தான் அந்தப் பெயர். 'எஸ்ரா' என்றால் உதவி என்ற பொருளும் உண்டு. பெயரிலேயே குறும்பு. தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரில் எங்களையும் எண்ணுங்கள், எங்கள் சாட்சியம் செல்லட்டும், ரபி படிப்பில் சேருங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பிரிவில் ஏமி ஐல்பெர்க் முதல் பெண் ரபியாக 1985 ஆனது.

அந்தக் குழுவில் இருந்த பாலா ஹைமன் அப்போது முனைவர் பட்ட மாணவி. பிற்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். தெருவில் கேட்டதற்கும் வகுப்பில் கேட்டதற்கும் இந்தத் துறையில் பெரிய இடைவெளி இருந்ததில்லை.

இப்போது இறையியலைத் தொடலாம். யாத்திராகமம் 19:15ஐ எடுங்கள். சீனாய் மலையடியில் மோசே 'ஜனங்களிடம்' பேசுகிறார். மனைவியரிடம் சேராதிருங்கள் என்கிறார். அப்படியென்றால் அந்த 'ஜனங்கள்' யார்? ஜூடித் பிளாஸ்கோ 1990இல் எழுதிய நூல் இந்த இடறலைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது.

படி 3: காலத்தைத் தேர்ந்த பிறகு மொழி

எல்லா மொழியும் வேண்டாம். தால்முத் (யூதச் சட்ட விவாதத் தொகுப்பு) என்றால் அரமேயமும் எபிரேயமும். ஐரோப்பியப் பெண்களின் வாழ்க்கை என்றால் இத்திஷ். எபிரேயத்தின் 22 எழுத்துகளைக் கற்றுவிட்டால் மூன்றுக்கும் வாசல் திறக்கும்.

இத்திஷில் முதலில் கிளிக்கெல். ஹாம்பர்க் வணிகரின் மனைவி, 14 பிள்ளை பெற்றவள். 1689இல் கணவன் இறக்க, தூக்கம் வராத இரவுகளைத் தள்ள 1691இல் தன் நினைவுக்குறிப்பை எழுதத் தொடங்கினாள். வட்டி, முத்து வியாபாரம், மகளுக்கு வரன் என்று எல்லாம் அதில் வரும். 1910இல் அதை ஜெர்மனில் தந்தவர் பெர்த்தா பாப்பன்ஹைம். கிளிக்கெலைப் போல உடையணிந்து ஓவியத்துக்கும் அமர்ந்தார். உளவியல் புத்தகங்கள் இவரை 'அன்னா ஓ.' என்ற நோயாளியாக மட்டும் காட்டும். 1904இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவரும் இவரே. இந்த மறுபாதியை, மரியன் கப்லான் அந்தச் சங்கத்தைப் பற்றி எழுதியதில் பார்க்கலாம்.

படி 4: ஆவணக் காப்பகத்தை நம்புங்கள், காத்திருங்கள்

1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசாண்ட் ரபியானபோது உலகின் முதல் பெண் ரபி என்றே பலரும் நினைத்தார்கள். பெர்லினைச் சேர்ந்த ரெகினா யோனாஸ் 1935லேயே ரபி ஆகியிருந்தார். பெண் ரபியாகலாமா என்று யூதச் சட்டத்தைக் கொண்டே வாதாடி ஆய்வேடும் எழுதியிருந்தார். தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமிலும் பிரசங்கம் செய்தார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரை நேரில் அறிந்து உயிர் தப்பியவர்கள் இருந்தும் பெயர் மறைந்துபோனது. பெர்லின் சுவர் விழுந்தபின், 1991இல் கதரீனா ஃபோன் கெல்லன்பாக் காப்பகத்தில் அவருடைய தாள்களைக் கண்டெடுத்தார்.

படி 5: கொச்சிக்கு வாருங்கள்

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் காத்துவந்தார்கள். இஸ்ரேலுக்குப் போனபின் எபிரேயம் பேசி வளர்ந்த பிள்ளைகளால் அவற்றை வாசிக்க முடியவில்லை. பார்பரா ஜான்சன், ஸ்கரியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல் முதலானோர் அவற்றைச் சேகரித்துப் பதிப்பித்தார்கள். சக்கரியாவும் கம்லியேலும் ஜெருசலேமில் 2005இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'கார்குழலி'. நமக்கு உரை தேவையா?

அதோடு ரூபி டேனியலின் நினைவுக்குறிப்பையும் வாசியுங்கள், 1995இல் வந்தது. பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமை வழிவந்தோர் என்று முத்திரை குத்தி ஒதுக்கிய குடும்பம் அவருடையது. ருஃபினாவின் கல்லறை நினைவிருக்கிறதா? அங்கே புதைக்கப்பட்டவர்கள் எழுதியிருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு, பதினேழு பதினெட்டு நூற்றாண்டு தள்ளி, இந்தப் புத்தகம்தான் எனக்குத் தெரிந்த மிக நெருக்கமான சான்று.

படி 6: தினமும் எங்கே தேடுவது

'ஜூயிஷ் விமன்ஸ் ஆர்க்கைவ்' 1995இல் தொடங்கியது. ஆலிஸ் ஷல்வி, ஹைமன் இருவர் பெயரிலும் அமைந்த கலைக்களஞ்சியம் அங்கே இலவசம். 'நாஷிம்' ஆய்விதழை அதற்கப்புறம் பார்க்கலாம். ஆண்மை பற்றியும் படிக்க விரும்பினால் டேனியல் போயாரின். முதல் வாரத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் ஒரு நாளைக்கு ஒரு பெண் போதும், ருஃபினாவிலிருந்து தொடங்குங்கள்.