கணக்கு முடித்துக் கிளம்புங்கள்

தீபாவளி நெருங்கினால் திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "போனஸ் வாங்கிட்டு ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்." வருடக்கணக்கில் ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்தே கழுத்துவலி வாங்கிய டெய்லர் சொல்வார். ஷிப்மெண்ட் தேதியை நினைத்துத் தூக்கம் தொலைத்த மெர்ச்சண்டைசரும் சொல்வார். போவதா இருப்பதா என்பது அவரவர் பாடு. ஆனால் அதைச் சுற்றி டீக்கடையில் உலவும் நம்பிக்கைகள் பல தப்பானவை. நம்பினால் கைக்காசு போகும்.

நம்பிக்கை: ஊர் மாறினால் அலுப்பு தீரும்.

உண்மை: அலுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஊர் இல்லை, நேரம். வேலையால் வரும் இந்த வற்றிப்போதலை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டு ஏட்டில் விவரித்தது. அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. பணியிட அழுத்தம் நெடுநாள் தணியாமல் இருப்பதன் விளைவு என்றது. உடம்பில் தெம்பில்லாமல் போவது, வேலை மேலேயே வெறுப்பு வருவது, செய்வது எதுவும் சரியாக வரவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

அதே நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பச்சையாகப் பேசுகிறது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதய நோயில் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். ஆறு நாளைக்கு 72. சாப்பாடு, டீ நேரத்தைக் கழித்தாலும் 60-க்குக் கீழே இறங்காது.

திருப்பூர் கம்பெனிகள் பல, ஆள் தேடி வெளி மாவட்டங்களில் கிளை போட்டிருக்கின்றன. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் வாடகை மிச்சம்தான். அங்கேயும் அதே ஒன்றரை ஷிப்ட் என்றால் உடம்புக்கு என்ன மிச்சம்? வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்பது சட்டம். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே அரசு கைவிட்டதையும் மறக்க வேண்டாம்.

நம்பிக்கை: தீபாவளிக்கு முன்னால் நின்றால் போனஸ் போச்சு.

உண்மை: போனஸ் விதிகளுக்குள் வரும் கம்பெனியில், அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸில் பங்கு உண்டு. குறைந்தபட்சம் 8.33 சதவீதம், வேலை செய்த காலத்துக்குத் தக்கபடி கிடைக்கும். நின்ற பிறகு கேட்டு வாங்க அலைய வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். உரிமையே இல்லை என்பது பொய்.

நம்பிக்கை: பீஸ் ரேட்காரருக்கும், தானாக நின்றவருக்கும் கிராஜுவிட்டி கிடையாது.

உண்மை: இரண்டும் தவறு. தொடர்ந்து ஐந்து வருடம் ஒரே நிறுவனத்தில் இருந்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி உண்டு. 1972-ன் பணிக்கொடைச் சட்டமும் அதைத்தான் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வருடத்துக்கு 15 நாள் கூலி. பீஸ் ரேட் ஆளுக்குக் கடைசி மூன்று மாதம் வாங்கிய கூலியின் சராசரியைப் பார்ப்பார்கள், ஓவர்டைம் சேராது. நாளுக்குச் சராசரி 600 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். ஏழு வருடத்துக்கு 63,000 ரூபாய். ஊரில் போய் நிற்கும்போது முதல் ஆறு மாதத்தை ஓட்டக்கூடிய பணம் அது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காண்ட்ராக்டர் மூலம் வந்தவர், அட்டை இல்லாதவர், இரண்டு வருடத்துக்கு ஒரு பெயரில் பதிவு மாற்றப்பட்டவர் ஆகியோருக்கு அந்த ஐந்து வருடத்தை நிரூபிப்பதே பெரும்பாடு. கிளம்ப நினைக்கும் நாளுக்கு வெகு முன்பே சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் பதிவு மூன்றிலும் ஒரே பெயரும் சரியான சேர்ந்த தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

நம்பிக்கை: வேலையை விட்டால் பிஎஃப் பணம் முழுவதையும் எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

உண்மை: கடன் நெருக்கினால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பென்ஷன் பங்கையும் சேர்த்துத் துடைத்துவிட்டால், அதுவரை சேர்ந்த சேவைக் காலம் அழிந்துவிடும். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை தேவை. பல கம்பெனிகளில் வேலை செய்த காலத்தையும் ஒரே யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணில் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். பத்து வருடம் நிறையாதவர் பணத்துக்குப் பதிலாகச் சேவைச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கம்பெனி 'விலகிய தேதி'யைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். ஆதாரில் இணைத்த செல் எண் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: நாலு மெஷின் போட்டால் நாமும் முதலாளி.

உண்மை: திருப்பூரில் தொழிலாளியாக இருந்து முதலாளி ஆனவர்கள் நிறைய. ஆய்வாளர் சரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூல் அவர்களைப் பற்றியதுதான். அவர்கள் உழைத்தார்கள், உண்மை. உழைப்போடு சாதி உறவு, விவசாயப் பின்னணி, சொந்தபந்தத்தின் கடன் ஆகியவையும் கூட நின்றன. அந்தத் துணை எதுவும் இல்லாதவர், சேமிப்பு முழுவதையும் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க்கில் போடும்போது கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அந்த அடி ஏற்றுமதியாளரோடு நிற்கவில்லை. ஜாப் ஒர்க் யூனிட்டுகள் வரை வந்தது. மெஷின் வாங்கியே தீருவேன் என்பவர் முதலில் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளட்டும். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2006-ன் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டம்.

நம்பிக்கை: போனவர் திரும்பி வந்தால் மரியாதை இல்லை.

உண்மை: 2020 ஊரடங்கில் சிறப்பு ரயில் ஏறிப் போன தொழிலாளர்களை, ஆர்டர் வந்ததும் கம்பெனிகளே தேடி அழைத்தன. கை தேர்ந்த டெய்லருக்கு இந்த ஊரில் கதவு மூடுவதில்லை. அதனால் பயத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம், கோபத்தில் ஒரு சனிக்கிழமைச் சம்பளத்தோடு காணாமல் போகவும் வேண்டாம். எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, பாக்கியைக் கேட்டுவிட்டுப் போங்கள். போகிற இடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள்.