தந்தை பெயரும் குடிப்பெயரும்

குடிப்பெயராவது ஒரு குடியிற் பிறந்தார் யாவர்க்கும் தலைமுறைதோறும் மாறாது தொடர்ந்து வருவது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்களுக்கு இஃது இயல்பாக உரியதன்று. நம்மவர் தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். மகனுக்குப் பெயரிடும்பொழுது பாட்டன் பெயர் முன்னிடத்தினின்று நீங்க, தந்தை பெயர் அங்கே வந்து நிற்கும்.

இவ்வொழுங்கு மிகப் பழையது. சங்கப் புலவருள் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனப்பட்டார். ஊர் முதலிலும், தந்தை இடையிலும், தம் பெயர் ஈற்றிலும் நின்றமை காண்க. சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்களின் முதலெழுத்துக்களும் அவ்வாறே சிறுப்பிட்டி என்னும் ஊரையும், வைரவநாதர் என்னுந் தந்தையையும் குறிப்பன. இதற்கு மறுதலையாக, மகன் பெயராற் தந்தையை வழங்கலும் உண்டு. ஆதன் தந்தை ஆந்தை எனவும், பூதன் தந்தை பூந்தை எனவும் புணரும் விதியைத் தொல்காப்பியம் கூறும். பிசிராந்தையார் என்பதற்குப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆதன் தந்தையார் எனப் பொருள் கொள்வர்.

பாட்டன் பெயர் முன்னிடத்தினின்று நீங்கினும் குடியை விட்டு நீங்குவதில்லை. அது பெரும்பாலும் அவர் மகனுடைய மகனுக்கோ மகளுடைய மகனுக்கோ இடப்படும். பெயரைத் தாங்குவோன் ஆதலாற் பெயரன் ஆயினான். அதுவே பேரன் என மருவிற்று. யாழ்ப்பாணத்தாரோ பாட்டனையும் பேரன் என்றே சொல்வர். பெயர் இருவர்க்கும் பொதுவாதலின் அவ்வழக்கும் பொருந்துவதே.

ஐரோப்பியருடைய குடிப்பெயர்களுட் பலவும் தொடக்கத்திற் தந்தை பெயர்களே. போர்த்துக்கேயரது பெர்னாண்டெஸ் என்பது பெர்னாண்டோவின் மகன் எனப் பொருள்படும். ஒரு தலைமுறைக்கு மெய்யாயிருந்த அச்சொல், பின்னர் பெர்னாண்டோ யாரென்று அறியாத சந்ததியார்மேலும் ஏறி நிலைத்துவிட்டது. அவர்கள் 1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த பின்னர், அவர்தம் பெயர்கள் ஞானஸ்நானத்தின் வழியாகக் கரையோர மக்களிடம் பரவின. பெரேரா என்பது பேரி மரம். சில்வா என்பது காடு. இப்பெயருடையார் பலர் இப்பொருளை அறியார்.

தந்தை பெயர் குடிப்பெயராக உறைந்தமைக்கு நம்மவருள்ளேயே ஒரு சான்று உண்டு. முதலியார் குமாரசுவாமி (1783–1836) அவர்களுக்கு முத்து என்னும் புதல்வரும் செல்லாச்சி என்னும் புதல்வியும் இருந்தனர். செல்லாச்சியாரை மணந்தவர் அருணாசலத்தின் மகனாகிய பொன்னம்பலம். இவர்தம் புதல்வர் மூவரும் பொன்னம்பலம் குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் எனத் தந்தை பெயரை முன்வைத்தே வழங்கப்பட்டனர். மூத்தவர்க்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும், இளையவர்க்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும் அமைந்தமை நோக்குக. முத்துவோ ஆங்கில முறையில் முத்துக் குமாரசுவாமி என நின்றார். ஆங்கிலப் பெண்மணியாரை மணந்து அவர் பெற்ற புதல்வர், 1877ஆம் ஆண்டு பிறந்த கலைஞானியாகிய ஆனந்த குமாரசுவாமி. நம்முறைப்படி முத்து ஆனந்தன் எனப்படவேண்டியவர், பாட்டன் பெயராலேயே உலகறியப்பட்டார். அவர் மகன் இராமா குமாரசுவாமி (1929–2006) பூட்டன் பெயரைத் தாங்கினார். ஒரே குடியில் மகள்வழியில் தமிழ்முறையும், மகன்வழியில் ஆங்கில முறையும் நிலைத்தன.

அன்று ஒரு குடியில் நிகழ்ந்தது இன்று பல்லாயிரம் குடிகளில் நிகழ்கின்றது. 1983ஆம் ஆண்டின் பின்னர்க் கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிற் பெருந்தொகையாகக் குடியேறிய நம்மவரிடம், அந்நாட்டுப் பத்திரங்கள் குடிப்பெயரைக் கேட்கின்றன. செல்லையா சிவபாதம் என்பவர் அவ்விடத்திற் தந்தை பெயரை எழுதிச் சிவபாதம் செல்லையா ஆகின்றார். அங்குள்ளார் அவரைச் செல்லையா என விளிக்கும்போது அவர் தந்தையையே விளிக்கின்றனர். அவர் மனைவியும் செல்லையா ஆகின்றார். கணவன் பெயரையே வாயாற் சொல்ல நாணியிருந்த குலமகளிர் வழிவந்தவர்க்கு மாமன் பெயர் தம் பெயராதல் விந்தையன்றோ! மகன் குமரன் செல்லையா எனப்படுகின்றான். பெற்றெடுத்த சிவபாதம் மகன் பெயரில் யாண்டும் இல்லை. இதனைக் கருதிச் சிலர் மகனைக் குமரன் சிவபாதம் எனப் பதிவிக்கின்றனர். அதனால் ஒரே வீட்டிலுள்ளார்க்குக் குடிப்பெயர் வேறுபட, பிரயாணக் காலத்தில் இவன் உம் மகனோ என்னும் வினா எழுகின்றது. ஆயினும் மகன் தந்தை பெயரோடு நிற்றலின், பின்னதே நம்முறைக்கு அணியது.

பெயர் எவ்வாறு பதியப்படினும், சிராத்தத்திற் தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவர் பெயரும் சொல்லப்படல் வேண்டும். தந்தை பெயர் முறையில், மகன் தன் பெயராலும் தந்தை பெயராலும் மூவருள் இருவரை எளிதில் அறிவான். குடிப்பெயர் முறையில் ஒருவரே நிலைத்து நிற்க, ஏனையோர் மறைவர். தாய், பாட்டி, பூட்டி என்னும் மூவர் பெயரும் அங்கு வேண்டப்படுவன. அவற்றை இவ்விரு முறையும் காட்டா. ஆதலின், பிள்ளைக்குச் சாதகம் எழுதுவிக்கும் பெற்றோர், அதன் பின்புறத்தில் இருவழியிலும் மூன்று தலைமுறை ஆண் பெண் அனைவர் பெயரையும், அவர்தம் ஊரையும் தமிழில் எழுதிவைப்பாராக. முதியோர் உள்ளபோதே இதனைக் கேட்டெழுதுதல் வேண்டும்.