மூன்று மாதக் கெடு: பணியிடப் பாலியல் தொல்லையில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"அவர் அப்படித்தாம்மா, மனசுல ஒண்ணும் கிடையாது." அலுவலகத்திலோ ஆலையிலோ பாலியல் தொல்லை என்று ஒரு பெண் வாயைத் திறந்தால் முதலில் கேட்கும் சமாதானம் இது. அடுத்தது, "கொஞ்ச நாள் பொறுத்துப் பாரு." முதலாவது எரிச்சலூட்டும். இரண்டாவதுதான் உண்மையில் கெடுதல் செய்யும்.

காரணம், சட்டத்தில் ஒரு கெடு உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தொல்லை தொடர்ந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. முன்பே தர முடியாததற்குத் தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னொரு மூன்று மாதம் தரலாம். பொறுத்துப் பார்க்கும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கெடுவில்தான் கழிகிறது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பெரிய விலை இருக்கிறது. ராஜஸ்தானில் அரசுத் திட்டமொன்றில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். செய்த வேலைக்காகவே அவர் தாக்கப்பட்டார். அதையொட்டி எழுந்த வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

எது தொல்லை?

சட்டம் ஐந்து வகை சொல்கிறது: தொடுவதும் நெருங்குவதும், பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் நெடி வீசும் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விருப்பமில்லாத நிலையில் சொல்லாலோ செயலாலோ சைகையாலோ செய்யும் இது போன்ற வேறு எதுவும்.

• தொட்டால்தான் தொல்லை என்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1999-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

• "தப்பான எண்ணத்தில் செய்யவில்லை" என்பது தப்பிக்கும் வழி அல்ல. செய்தவரின் நோக்கத்தைவிட, அது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்தது என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது.

• பணியிடம் என்பது நான்கு சுவர் மட்டுமல்ல. கம்பெனி வேன், பயிற்சிக்குப் போன ஊர், வாடிக்கையாளரின் அலுவலகம், வீட்டு வேலை செய்பவருக்கு அந்த வீடு, எல்லாம் அடக்கம். ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும்கூடப் புகார் தரலாம்.

• டார்கெட் முடிக்கவில்லை என்று சூப்பர்வைசர் திட்டுவது மட்டும் பாலியல் தொல்லை ஆகாது. ஆனால் அவர் அழைப்புக்கு மறுத்த பிறகு டார்கெட் ஏறுகிறது, பழகிய மெஷினிலிருந்து மாற்றுகிறார்கள், அப்ரைசலில் மதிப்பெண் குறைகிறது என்றால் அது தொல்லையின் தொடர்ச்சி. பழிவாங்கலும் மிரட்டலும் சட்டத்தின் கணக்கில் வரும்.

பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை

1. அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், தொல்லை தந்தவர் சொன்ன வார்த்தை அப்படியே. கொச்சையாக இருந்தாலும் மாற்றாதீர்கள். வீட்டில் இருக்கும் நோட்டில் எழுதுவது நல்லது.

2. செய்திகளை அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். அலுவலக லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஆதாரமும் போய்விடும்.

3. நம்பிக்கையான ஒருவரிடமாவது உடனே சொல்லுங்கள். பின்னால் அவர் சாட்சியாக உதவுவார்.

4. சரியான குழுவைத் தேடுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் மூத்த பொறுப்பில் உள்ள பெண், உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, தொல்லை தருபவர் முதலாளியே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் போக வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். 181 பெண்கள் உதவி எண்.

5. புகாரை ஆறு பிரதிகளாக, ஆதாரங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தருவதற்கு உதவுவது குழுவின் கடமை.

6. விசாரணை முடியும்வரை பாதுகாப்பு கேளுங்கள். தொல்லை தந்தவரையோ உங்களையோ இடம் மாற்றச் சொல்லலாம். உங்களுக்குரிய விடுப்பு போக, மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பும் கேட்கலாம். எழுத்தில் கேட்க வேண்டும்.

7. போலீஸ் வழி தனி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் பாலியல் தொல்லை குற்றம். குழுவிடம் போனதால் காவல் நிலையம் போகும் உரிமை பறிபோகாது.

செய்யக்கூடாதவை

• ஹெச்.ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, "பார்க்கிறோம்" என்ற பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அது புகார் ஆகாது, கெடு ஓடிக்கொண்டேயிருக்கும்.

• கோபத்திலோ பயத்திலோ முதலில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். ஏற்கெனவே விலகியிருந்தால் சோர்ந்துவிடவும் வேண்டாம். கெடுவுக்குள் இருந்தால் வேலையில் இல்லாதவரும் புகார் தரலாம்.

• அன்றே எதிர்த்துப் பேசவில்லையே என்று உங்களையே குறை சொல்லாதீர்கள். மௌனம் சம்மதம் அல்ல.

• நெருக்கடியில் சமரசத்துக்குக் கையெழுத்து போடாதீர்கள். நீங்களாகக் கேட்டால் மட்டுமே குழு சமரசம் பேசலாம். பணத்தை அடிப்படையாக வைத்துப் பேச முடியாது.

• "நிரூபிக்க முடியலைன்னா பொய்ப் புகார்னு உன் மேலயே திரும்பும்" என்ற மிரட்டலுக்கு அஞ்சாதீர்கள். நிரூபிக்க முடியாதது வேறு, வேண்டுமென்றே பொய் சொல்வது வேறு. சட்டமே இதைப் பிரித்துச் சொல்கிறது.

• விசாரணை விவரங்களை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். இருவரின் அடையாளத்தையும் விசாரணையையும் வெளியிட இந்தச் சட்டம் தடை விதிக்கிறது.

உடன் வேலை செய்பவர்களுக்கு

செய்யுங்கள்: பார்த்ததை, கேட்டதைத் தேதியோடு குறித்துவையுங்கள். குழுவின் முன் சொல்லுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது துணைக்குப் போங்கள்.

செய்யாதீர்கள்: "நீ என்ன டிரெஸ் போட்டிருந்தே?", "நீ ஏன் சிரிச்சுப் பேசினே?" என்று கேட்காதீர்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் சம்மதமில்லாமல் அவள் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். பல வீடுகளில் அதற்குக் கிடைக்கும் ஒரே தீர்வு, "வேலைக்குப் போனது போதும்" என்பதுதான். தப்பு செய்தவர் வேலையில் இருப்பார். அவள் சம்பளம் நின்றுபோகும்.

நிர்வாகத்துக்கு

செய்யுங்கள்: குழுவை அமைத்து, உறுப்பினர் பெயர்களைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் ஒட்டுங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை வந்த 60 நாளுக்குள் நடவடிக்கை. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி தவறினால் இரட்டிப்பு, உரிமம் ரத்தாகும் ஆபத்தும் உண்டு.

செய்யாதீர்கள்: பெண்ணைக் கேட்காமல் அவளையே வேறு பிரிவுக்குத் தூக்கியடித்துவிட்டுப் பிரச்சினை முடிந்தது என்று எழுதாதீர்கள். குழு காகிதத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் இளம் பெண் தொழிலாளி 2021-இல் கொலையுண்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் 2022-இல் தொல்லையைத் தடுப்பதற்கான ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து லைன்களில் நிறுத்துவது அதன் முக்கிய அம்சம். சூப்பர்வைசரின் கைக்கு எட்டும் தூரத்தில், பார்க்கும் கண்ணும் இருந்தால் தொல்லை தொடக்கத்திலேயே பிடிபடும்.

எல்லோரும் இப்போதே செய்யக்கூடிய ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் இடத்துக் குழுவில் யார் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே எழுதிக் கேளுங்கள். எந்தப் புகாரும் இல்லாத நாளில் கேட்பவரை யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். தேவை வரும் நாளில், எங்கே போவது என்று தேடியே ஒரு மாதம் கழியாமலும் இருக்கும்.