கொடுத்தவர் சொல்லட்டும்

கேள்வி: நாங்கள் நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்கு நிதி திரட்டுகிறோம். பணம் கொடுத்தவர்கள் மனதாரச் சொல்வதை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போடலாமா? தற்பெருமை என்று நினைக்க மாட்டார்களா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகப் போடுங்கள். நம்மை நாமே புகழ்ந்தால்தான் தற்பெருமை; கொடுத்தவர் சொன்னால், அவருக்குத் தெரிந்தவர்களும் கொடுக்க வருவார்கள். 2014-இல் அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காகப் பரவிய ‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ நினைவிருக்கிறதா? தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டவர்கள், தெரிந்தவர்களையும் பெயர் சொல்லிச் சவாலுக்குக் கூப்பிட்டார்கள். ஏ.எல்.எஸ். அசோசியேஷனுக்குச் சில வாரங்களில் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது.

“அருமையான சேவை, வாழ்த்துகள்” வகையறாவை விட்டுவிடுங்கள். “கணக்கு கேட்டேன்; அரிசிக்கடை பில் வரைக்கும் அனுப்பினாங்க. அதான் இந்த வருஷமும் கொடுத்தேன்” என்று ஒருவர் சொன்னால் அதைப் போடுங்கள். அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல், வசூல் மந்தமாகும் நாட்களுக்கும் கொஞ்சம் வையுங்கள்.

பெயர், படம், தொகை மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். வீட்டுக்குத் தெரியாமல் கொடுப்பவர்களும் உண்டு.

பிள்ளைகளின் முகம் மட்டும் வேண்டவே வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கொடையாளர் பிள்ளைகளோடு ஆசையாக எடுத்த செல்ஃபிக்கும் இதே கதிதான்.