மூன்று மின்சாரம், ஒரு பேனல்

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அரைக்கும் மில் வைத்திருக்கிறோம். ஈ.பி., ஜெனரேட்டர், சோலார் மூன்றையும் ஒரே பேனலில் சேர்க்க, ஆளுக்கொரு பிரேக்கர் போதாதா?
– வாசகர், அரியலூர்

பதில்: போதாது. பிரேக்கர் தன் வழியாக ஓடும் கரன்ட்டை மட்டுமே கவனிக்கும். எது எதனோடு சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. கரன்ட் போனபின் ஈ.பி. பிரேக்கரை இறக்க மறந்து ஜெனரேட்டரை ஓட்டினால், ஊர் டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து 433 வோல்ட்டை 11,000 வோல்ட்டாக ஏற்றும். கம்பத்தில் ஏறிய லைன்மேன் தொடுவது அதைத்தான். கவனமாக இருப்போம் என்பது பதிலாகாது. மறதியையும் தாங்குவதே நல்ல பேனல். ஆகவே ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும்படி இன்டர்லாக் உள்ள, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சேஞ்ச்ஓவர் வையுங்கள்.

கரன்ட் போனால் சோலார் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடுமே என்பீர்கள். நிற்கும், ஆனால் ஜெனரேட்டரோடு ஒரே பஸ்பாரில் இருந்தால், அதையே ஈ.பி. என்று எண்ணி மறுபடி கிளம்பலாம். லோடு குறையும்போது மிஞ்சும் மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பும். எனவே சோலாரை சேஞ்ச்ஓவருக்கு முன்பே, ஈ.பி. பக்கம் இணையுங்கள். அங்கும் ஒரு கணக்கு உண்டு: ஈ.பி. 100 ஆம்பியர், சோலார் 40 என்றால், சீசனில் எல்லா மோட்டாரும் ஓடும்போது 140 ஆம்பியர் பாயலாம். இரண்டு பிரேக்கரும் விழாது, 100 ஆம்பியர் பஸ்பார்தான் சூடேறும். இணைப்புக்குப் பின்னுள்ள பஸ்பாரையும் சேஞ்ச்ஓவரையும் மொத்தக் கூட்டுத்தொகைக்கே தேர்ந்தெடுங்கள்.