சட்டித் தயிர் கட்டியா வர வேணுமெண்டா

தயிர் உறையேல்லை எண்டா எல்லாரும் முதலிலை பால்காரனைத்தான் திட்டுறது. எங்கட நாரந்தனைப் பக்கம் மேய்ச்சல் மாட்டுப் பாலிலை பெரிய குறை ஒண்டும் இல்லை, பிள்ளை. பிழை எப்பவும் சட்டியிலைதான், இல்லாட்டி உன்ரை அவசரத்திலை.

பட்டணத்திலை வாங்கலாமே எண்டு கேப்பாய். வாங்கலாம். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை எண்டு பஸ் குலுக்கிக் கொண்டுவந்து இறக்கேக்க அது அரைவாசி தண்ணியாக் கிடக்கும். வீட்டிலையே போடு. உன்ரை கைவேலை அரை மணித்தியாலமும் வராது.

1. சட்டி வாங்கேக்க விரலாலை தட்டிப் பார். ‘கிண்’ எண்டு கேக்க வேணும். மந்தமாக் கேட்டா எங்கையோ கீறல் இருக்கு, வைச்சிட்டு வா. வாய் அகண்டு, பள்ளம் குறைஞ்ச சட்டி நல்லது. பெயின்ற், வார்னிஷ் பூசின வடிவுச் சட்டியெல்லாம் பூ வைக்கத்தான். உள்ளுக்குக் கண்ணாடி மாதிரி மினுங்கிற பூச்சு இருந்தா அதையும் விடு. சில பூச்சிலை ஈயம் இருக்கும், புளிப்பு பட்டா அது சாப்பாட்டிலை இறங்கும்.

2. புதுச் சட்டியைப் பழக்காமல் பால் விடாதை. இதிலைதான் தீவுப்பகுதி ஆக்கள் ஒரு பிழை விடுறது. கிணத்துத் தண்ணி உவரா இருந்தா அதிலை சட்டியை ஊறப்போடாதை. உப்பு மண்ணுக்குள்ளை இறங்கி, காயேக்க வெள்ளையாப் பூத்து வரும், தயிரும் கரிக்கும். குடிக்கிற நல்ல தண்ணியிலை ஒரு முழு நாள் ஊறட்டும். நல்ல தண்ணிக்கு அலையிற காலமெண்டா அரிசி கழுவின தண்ணியைக் கொட்டாமல் சட்டிக்குள்ளை நிரப்பி வை, அரிசியையும் நல்ல தண்ணியிலை கழுவியிருந்தா. பேந்து சோத்துக் கஞ்சியைச் சுடச்சுட விட்டு ஆற வை. கஞ்சிப் பசை பெரிய துவாரங்களை அடைக்கும். கடைசியா ரெண்டு நாள் நல்ல வெயில்.

கடைத் தயிர் வாங்கின சட்டியைத் திருப்பிப் பாவிக்கலாமோ எண்டு கேக்கிறவைக்கு: பாவிக்கலாம், இதே பழக்கத்தைச் செய்தா. ஆனா அதை அடுப்பிலை ஏத்தாதை. அது மெல்லிசாச் சுட்ட சட்டி, வெடிச்சுப் போகும்.

3. பால் பொங்கின உடனை இறக்காதை. நெருப்பைக் குறைச்சு, அடிப்பிடிக்காமல் கிண்டிக் கிண்டி இன்னும் பத்து நிமிசம் விடு. பாலிலை உள்ள ஒரு வகைப் புரதம் அந்தச் சூட்டிலைதான் குணம் மாறித் தயிரைக் கட்டியாக்கும். வன்னியிலையும் மட்டக்களப்பிலையும் தயிரைக் கத்தியாலை வெட்டலாம் போலை இருக்கிறது எருமைப் பாலாலை. அதிலை கொழுப்பு 7 வீதமளவிலை இருக்கும், பசுப்பாலிலை 4 வீதமளவுதான். அதோடை போட்டி போடாதை. பால் தண்ணியா இருக்கெண்டு பட்டா ஒரு போத்தலுக்கு ரெண்டு மேசைக்கரண்டி முழு ஆடைப் பால்மாவைக் கரைச்சு விட்டுக் காய்ச்சு. ஆட்டுப்பால் எண்டா இளகித்தான் உறையும், அது உன்ரை பிழை இல்லை.

4. உறைக்கு முதல் நாள் தயிர். ரெண்டு மூண்டு நாள் புளிச்சதை விட்டா தயிரும் புளிச்சுக்கொண்டுதான் பிறக்கும். ஒரு போத்தல் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி காணும், மார்கழி குளிருக்கு ரெண்டு. கட்டியா வரட்டும் எண்டு அரைக் கோப்பை உறையை விடுற ஆக்களைப் பாத்திருக்கிறன். கிடைக்கிறது புளிப்பும் மேலாலை தண்ணியும்தான். சீனி, ஜெலட்டின் போட்ட கப் யோகட்டை உறையா விடாதை. தேசிக்காய் பிழிஞ்சா பால் திரையும், அதுக்குப் பேர் தயிர் இல்லை. உறைக்கு ஒண்டுமே இல்லையெண்டா மிளகாய்க் காம்பு போடுற பழக்கம் இருக்குத்தான். ஒரு நாளைக்கு வரும், மற்ற நாளைக்கு வராது. விருந்துக்கு ஆக்களைக் கூப்பிட்டிட்டு அதை நம்பாதை.

5. இனித்தான் முக்கியம். மண்சட்டி தண்ணியை உறிஞ்சி வெளிப்பக்கத்தாலை விடும். அது காயேக்க சட்டி குளிரும். தயிர் கட்டியாகிறதும் இதாலைதான், உறையாமல் போறதும் இதாலைதான். உறைக்கிருமிக்கு 40 – 45 பாகை செல்சியஸ் சூடு வேணும். நீ சரியான சூட்டிலை பாலை விட்டாலும் பச்சைச் சட்டி அதை இழுத்துப்போடும். அதாலை முதல் சட்டிக்குள்ளை சுடுதண்ணி விட்டு அஞ்சு நிமிசம் வைச்சு ஊத்து. சுண்டுவிரலைப் பாலுக்குள்ளை விட்டுப் பத்து எண்ணிப் பார். சுட வேணும், பொறுக்கவும் வேணும். அந்தப் பதத்திலை உறையைக் கொஞ்சப் பாலிலை கரைச்சுக் கலந்து சட்டியிலை விடு. சீலைத் துண்டாலை வாயைக் கட்டி, தடிச்ச துவாயாலை சுத்தி, பலகையிலை வை. வெறும் சீமெந்து நிலத்திலை வைக்காதை. உறையுமட்டும் போத்தி வை, உறைஞ்ச பிறகு துவாயை எடுத்துக் காத்துக்கு விடு. இதை மாறிச் செய்யிறதாலைதான் பாதி வீட்டிலை தயிர் பிழைக்குது.

எறும்புக்குப் பயந்து சட்டியைத் தண்ணித் தட்டுக்குள்ளை இறக்கி வைக்கிறாய் எல்லோ? சட்டி அந்தத் தண்ணியையும் உறிஞ்சிக் குளிரும். தட்டுக்குள்ளை ஒரு கிண்ணத்தைக் கவிட்டு, அதுக்கு மேலை சட்டியை வை. பூனை இருந்தா உறிதான் வழி.

6. மூடியைத் திறந்து, சரிச்சு, ‘உறைஞ்சிட்டுதோ’ எண்டு பாக்காதை. ஒருக்கா ஆட்டினா தண்ணி பிரியும்.

7. வேலைக்குப் போறனீ எண்டா நேரத்தைக் காலத்துக்குத் தக்கதா மாத்து. சோளகம் அடிக்கிற வெக்கைக்கு அஞ்சு ஆறு மணித்தியாலம் காணும். இரவு உறை விட்டு மத்தியானம்வரை வெளியிலை வைச்சா புளிச்சுப் போகும். விடிய எழும்பின உடனை பிரிட்ஜுக்குள்ளை தள்ளு. வாடைக்காத்துக் காலத்திலை எட்டு, பத்து மணித்தியாலம் எடுக்கும், அப்ப ஆறுதலாப் படு. காலமைப் பாலைத் தேத்தண்ணிக்குக் காய்ச்சேக்கையே சேத்துக் காய்ச்சி, ஆற வைச்சு பிரிட்ஜிலை வை. இரவு சூடாக்கி உறை விட்டாச் சரி.

8. இனிப்பு வேணுமெண்டா சாப்பிடேக்க பனங்கட்டியை உடைச்சுப் போடு. வங்காளதேசத்திலை பகுரா தயிர் எண்டு ஒண்டு, 2023 இலை புவிசார் குறியீடும் எடுத்தது. அதையும் மண்பாத்திரத்திலைதான் போடுறவை, ஆனா பாலோடை சீனியையும் சேத்துக் காய்ச்சி. அதைக் கேள்விப்பட்டிட்டு நீ பனங்கட்டியைப் பாலிலை போட்டுக் காய்ச்சாதை. சில நேரம் திரைஞ்சு போகும்.

9. சட்டி கழுவ சோப் வேண்டாம். மண் குடிச்ச சோப் அடுத்த தயிரிலை மணக்கும். சுடுதண்ணியும் தேங்காய்த் தும்பும் காணும். கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலிலை காய வை. ரெண்டு சட்டி வைச்சிரு, ஒண்டு காயேக்க மற்றதிலை போடலாம். எவ்வளவு காய வைச்சும் புளிச்ச மணம் போகாத சட்டியோடை மல்லுக்கட்டாதை. அதிலை துளசியை நட்டிட்டு, தயிருக்குப் புதுசு ஒண்டு வாங்கு.