மலைச்சரிவுகளை நோக்க எடை குறைந்த தொலைநோக்கி

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வளைந்தேறும் சாலை கேரள எல்லையைத் தொடும் இடம் கம்பம்மெட்டு. கிழக்கே செங்குத்தான சரிவும் அதன் அடியில் திராட்சைத் தோட்டங்களும் உள்ளன; மேற்கே ஏலமலை விரிகின்றது. இத்தகைய மேடுகளில் நின்று வனவிலங்குகளை நோக்க விழையும் களப்பணியாளரும், மாணவரை உடனழைத்துச் செல்லும் ஆசிரியரும் எவ்வகைத் தொலைநோக்கியைத் தெரிந்தெடுப்பது நலம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விலங்கைத் தேடிக் காண்பதற்குப் பைனாகுலரே உரியது. கண்டதைப் பிரித்தறிவதற்கு ஒற்றைக்குழல் தொலைநோக்கி வேண்டும். வரையாட்டைக் கணக்கிடுவோர் தலைகளை எண்ணுவதோடு நில்லாது, முதிர்ந்த கிடாய், பெட்டை, குட்டி எனப் பிரித்தெழுத வேண்டியவர் ஆவர். முதிர்ந்த கிடாயின் முதுகில் சேணம் இட்டாற்போல் வெளிறிய பகுதி ஒன்று உண்டு. அதனைக் காண நெருங்கிச் சென்றால் மந்தை பாறைமேல் ஏறிவிடும், கணக்கும் பிழைபடும். யானைக் கூட்டமாயின், நெருங்குதல் உயிருக்கே ஊறாகும்.

கூரிய பார்வையுடையோரின் வெறுங்கண், 1 கிலோமீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியுள்ள இரு புள்ளிகளையே தனித்தனியாகப் பிரித்துணரும். 20 மடங்கு பெருக்கும் கருவி அந்த அளவை 1½ செ.மீ. ஆகக் குறைக்கின்றது. மேற்கூறிய பணிக்கு இது போதுமானது. ஆயினும் 60 மடங்கு என்னும் விளம்பரத்தில் மயங்குவோர் பலர். பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 60 மி.மீ. வில்லையில் 20 மடங்குக்கு அது 3 மி.மீ.; 60 மடங்குக்கு 1 மி.மீ. மட்டுமே. விலங்குகள் வெளிவரும் அந்திப்பொழுதில் பின்னதால் மங்கலான உருவமே தோன்றும். நண்பகலிலோ, வெயிலில் சூடேறிய பள்ளத்தாக்குக் காற்று அலைபாய்வதால், பெருக்கம் மிகமிகக் கலக்கமும் மிகும். எதிரே மேகமலையில் உலவும் விலங்கை இங்கிருந்தே காணலாம் என்று எண்ணி எவரும் பெருங்கருவி வாங்க வேண்டா.

80 மி.மீ. வில்லை 50 மி.மீ. வில்லையைவிட இரண்டரை மடங்கு ஒளியைத் திரட்டும் என்பது உண்மையே. ஆனால் குழலின் எடையும் அதற்கேற்பக் கூடும். கனமான முக்காலியும் உடன் வேண்டும். நாள் முழுதும் மலையேறுவோர்க்கு 50 முதல் 65 மி.மீ. வரையிலான குழலே ஏற்றது. குழலில் எடையைக் குறைத்துவிட்டு, முக்காலியில் மெலிந்ததைக் கொள்வது கூடாது. மேட்டுக்காற்றில் அது நடுங்கினால் உயர்ந்த வில்லையும் பயன் தராது. இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தே முடிவு செய்க. முக்காலியைத் தாழ்த்தி வைத்து, அதன் நடுவே ஒரு பையைத் தொங்கவிட்டால் நடுக்கம் பெரிதும் அடங்கும்.

கண்ணருகு வில்லை சாய்வாக அமைந்த கருவியை உயரம் வேறுபட்ட மாணவர் பலரும் மாறிமாறி நோக்கலாம். நேர்க்குழலோ சரிவின் கீழே நோக்கவும் விரைந்து குறிபார்க்கவும் எளிது. மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணை 15 மி.மீ.க்குக் குறையாத தொலைவில் வைத்து முழுக்காட்சியும் காணத்தக்கதைக் கேட்டு வாங்குக. பருவமழையும் மூடுபனியும் மிக்க இம்மலைகளில், நைட்ரஜன் வளி நிரப்பி நீர்புகாது அடைத்த குழலே உட்புறம் மங்காதிருக்கும்.

வாங்குமுன், வெளிறிய வானத்தின் எதிரே தெரியும் கரிய மரக்கிளையை நோக்குக. விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கரை தடித்துத் தோன்றினால் அக்கருவியை விடுக. எக்கருவியாயினும் கதிரவனை நோக்கித் திருப்பலாகாது. நொடிப்பொழுதில் கண் கெடும் என்பதை மாணவர்க்கு முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.